வீட்டுக்கு வந்த இடாப்பு

எங்கள் பகுதியில் டேட்டா என்பது கடையில் காசு கொடுத்து வாங்கும் ஒரு பொருள். "அண்ணை, நூறு ரூபாய்க்கு டேட்டா போட்டுவிடுங்கோ" என்று விசுவமடுச் சந்தியில் பிள்ளைகள் கேட்பதை நாளாந்தம் கேட்கிறேன். இரண்டு நாளில் அது தீர்ந்துவிடும். மறுபடி கடைக்கு வருவார்கள். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்று வகுப்பில் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒருவருடைய பெயர், பிறந்த திகதி, வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், என்ன நோய், வருமானம் எவ்வளவு, தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்பனவெல்லாம் டேட்டாதான். பாடப்புத்தகத் தமிழில் தரவு. வாங்குகிற டேட்டாவுக்கு மெகாபைட் கணக்குப் பார்க்கிற நாங்கள், சும்மா கொடுத்துவிடுகிற டேட்டாவுக்கு எந்தக் கணக்கும் வைத்திருப்பதில்லை. பாடசாலைகள் மூடப்பட்டு ஆசிரியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபோது இந்த இரண்டாவது டேட்டாவுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில், கிளிநொச்சி மாவட்டம் முடிந்து முல்லைத்தீவு மாவட்டம் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. வயலும் தோட்டமும் கூலி வேலையும்தான் பெரும்பாலான வீடுகளின் சீவியம். நான் கணினி படித்தவன் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் கற்று வெளியேறிய சாதாரண வாத்தியார். ஆனால் தரவுப் பாதுகாப்பு என்ற விடயத்தை, அந்தப் பெயரில்லாமல், கலாசாலையில் எங்களுக்கு நன்றாகவே கற்பித்திருந்தார்கள். வரவு இடாப்பை எப்படி எழுதுவது, பிழைத்தால் எப்படி வெட்டிக் கையொப்பமிடுவது, சேர்வு இடாப்பை யார் பார்க்கலாம், ஒரு பிள்ளையின் குடும்ப விபரத்தை வகுப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி ஏன் விசாரிக்கக் கூடாது என்றெல்லாம் தனிப் பாடமாக இருந்தது. இடாப்பு பாடசாலைப் படலையைத் தாண்டக் கூடாது என்பது அதில் முதல் விதி. பின்னேரம் அது அதிபரின் அலுமாரிக்குள் போகும். அலுமாரிக்கு ஒரு திறப்பு. அந்தத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

2020 மார்ச் 13 இல் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. இடாப்பு அலுமாரிக்குள்ளேயே இருந்தது. ஆனால் அதில் இருந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக எங்கள் கைத்தொலைபேசிகளுக்கு வந்து சேர்ந்தன. வட்ஸ்அப் குழு தொடங்கத் தாய்மாரின் இலக்கங்கள் வேண்டும். செயலட்டை அனுப்பினால் பிள்ளை விடை எழுதிப் படம் எடுத்து அனுப்பும்; அந்தப் படத்தின் ஓரத்தில் பிள்ளையின் முகமும் வீட்டின் உட்புறமும் இருக்கும். சுகவீனம் என்றால் கிளினிக் கொப்பியைப் படம் பிடித்து அனுப்புவார்கள். உதவிப் பட்டியலுக்கு அடையாள அட்டையின் இரு பக்கமும் வரும். இரண்டு மாதத்துக்குள் ஒரு வகுப்பாசிரியரின் போனில் அலுமாரியில் இருந்ததைவிட அதிகம் இருந்தது. அந்தப் போனைத்தான் ஆசிரியரின் சின்ன மகன் விளையாட எடுக்கிறான். சந்தைக்குப் போகும்போது சட்டைப் பையில் போவதும் அதுதான். திரை உடைந்தால், கடவு எண்ணையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, நாலு நாளைக்குத் திருத்தும் கடையில் விட்டுவிட்டு வருவதும் அதையேதான்.

வெளிநாட்டு நிறுவனங்கள் வீட்டிலிருந்து வேலை செய்யும் தம் ஊழியர்களுக்குச் சொல்லும் அறிவுரைகளைப் படித்துப் பார்த்தேன். வேலைக்கெனத் தனி அறை வைத்திருங்கள். அலுவலகக் கணினியை வீட்டார் தொட விடாதீர்கள். வீட்டு வைஃபைக்குக் கடினமான கடவுச்சொல் இடுங்கள் என்று போகும். நல்ல அறிவுரைகள்தான். எங்கள் ஊர் நிலைமை வேறு. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் இணையம் வரும் போன் இருக்கவில்லை. ஒரு போனுக்கு மூன்று வீடு. இடாப்பில் தாயின் இலக்கம் என்று எழுதப்பட்டிருப்பது உண்மையில் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவின் இலக்கம். நான் ஒரு பிள்ளையின் புள்ளியை அனுப்பினால், அல்லது "இரண்டு கிழமையாக மகள் ஒன்றும் அனுப்பவில்லை, சுகமில்லையா?" என்று கேட்டால், முதலில் வாசிப்பவர் சித்தப்பா. பிறகு அவருடைய மனைவி. தாய்க்கு அது போய்ச் சேரும்போது ஒழுங்கைக்கே தெரிந்திருக்கும். சமிக்ஞை கிடைக்கும் குளக்கட்டில் பிள்ளைகள் கூட்டமாக இருந்து படித்ததால், ஒருவருடைய பிழையை நான் குரல்பதிவில் திருத்தினால் அது எல்லோருக்கும் கேட்டது. ஆகவே நான் புள்ளிகளைக் குழுவிலோ போனிலோ சொல்வதை நிறுத்தி, திருத்திய தாளை உறையிலிட்டு, நடமாட அனுமதி கிடைத்த நாட்களில் கையில் கொடுத்தேன். கடவுச்சொல்லால் தீராத பிரச்சினைக்கு ஒட்டிய கடித உறை உதவியது.

அடுத்தது குழுவே ஏற்படுத்திய பிரச்சினை. வட்ஸ்அப்பில் போகும் செய்தியை இடையில் வேறொருவர் வாசிக்க முடியாதபடி 2016 முதல் பூட்டியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடைய இலக்கத்தையும் பார்க்கலாம். முப்பது தாய்மாரின் இலக்கங்கள், பெரும்பாலும் தாய்மாரின் படங்களோடு, முப்பது வீட்டுப் போன்களில் கிடந்தன. அவற்றை யார் யார் கையில் வைத்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. கணவனை இழந்த ஒரு தாய்க்கு இரவில் அறியாத இலக்கங்களிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. வேறொருவரை, அவர் ஏற்கெனவே இலக்கத்தை மாற்றித் தப்பியிருந்த ஒரு நுண்கடன் நிறுவனத்தின் அறவீட்டாளர் கண்டுபிடித்தார். வன்னியில் நுண்கடன் என்ன செய்திருக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தாய் குழுவிலிருந்து விலகினார். அவருடைய பிள்ளைக்கு அன்றோடு பாடம் நின்றது. படிப்பு வேண்டுமானால் இலக்கத்தைக் கொடு, இலக்கம் வேண்டாமானால் படிப்பும் இல்லை என்ற நிலை அது. அவருடைய சம்மதத்தோடுதானே சேர்த்தோம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். மறுக்க வழியில்லாதவரிடம் பெற்றதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

இதற்கு வழி வட்ஸ்அப்பிலேயே இருந்தது. குழுவுக்குப் பதிலாக ஒலிபரப்புப் பட்டியல் என்று ஒன்று அமைக்கலாம். ஆசிரியர் ஒரு தடவை அனுப்பினால் எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும். ஒருவர் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. ஆசிரியரின் இலக்கத்தைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பதுதான் ஒரே சிக்கல். வீடு வீடாகப் போய் அதைப் பதிந்து கொடுக்க ஒரு கிழமை பிடித்தது. விலகிய தாயின் பிள்ளை திரும்பி வந்தது.

சூம் வகுப்புகள் எங்கள் பக்கம் அதிகம் நடக்கவில்லை. உயர்தர மாணவர்கள் சிலர் நகரத்து ரியூசன் வகுப்புகளில் இணைந்தார்கள். அந்தச் செயலியை 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு அதிகபட்சம் ஒரு கோடிப் பேர் பயன்படுத்தினார்கள்; 2020 மார்ச்சில் அது இருபது கோடியைத் தாண்டியது. அந்நியர்கள் வகுப்புகளுக்குள் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டிய சம்பவங்கள் பல நாடுகளில் நடந்த பிறகே, 2020 ஏப்ரலில், கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் தாமாகவே இயங்கும்படி செய்தார்கள். முழுமையாகப் பூட்டிய உரையாடல் என்று அந்நிறுவனம் பல ஆண்டுகள் சொல்லி வந்தது சரியல்ல என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்ட, அதே ஆண்டு நவம்பரில் இணக்கத்துக்கு வந்தது. பெரிய உலகத்துச் செய்தி இது. எங்கள் மாணவி ஒருத்திக்கு இருந்த பிரச்சினை இதைவிடச் சின்னது. கமராவைப் போடாவிட்டால் வரவு இல்லை என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். அவளுடைய வீடு முழுமை பெறாத வீட்டுத்திட்ட வீடு. கதவுக்குப் பதிலாகத் தறப்பாள். பின்னால் அப்பம்மா படுத்த படுக்கையாக இருந்தார். அதை அறுபது பேருக்கு முன்னால் திறந்து காட்ட அவள் விரும்பவில்லை. ஒருவருடைய வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டு, உள்ளே இருந்து பதில் வந்த பிறகுதான் படலையைத் திறக்கிற ஊர் எங்களுடையது. கமரா கூப்பிடுவதில்லை.

இவையெல்லாம் ஒரு பக்கம். என்னை இக்கட்டுரை எழுத வைத்தது வேறொன்று. 2021இல் இரண்டாவது தடவை நீண்ட காலம் பாடசாலைகள் மூடியிருந்தபோது, ஒரு நிறுவனம் பிள்ளைகளுக்கு உலர் உணவுப் பொதியும் டேட்டா அட்டையும் தர முன்வந்தது. விபரப் படிவம் வட்ஸ்அப்பில் பல கை மாறி எனக்கு வந்தது. பதினான்கு நிரல்கள். பெயர், வயது, விலாசம், தாயின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, சமுர்த்தி பெறுபவரா என்று போய், பதினோராவது நிரலில் தந்தை: உள்ளார், இறந்தவர், காணாமல் போனவர், ஒன்றைத் தெரிவு செய்க என்று இருந்தது. மறுநாள் காலைக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும்.

நான் ஒவ்வொரு தாய்க்கும் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். பொதி வருகிறது என்ற சந்தோசத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஒரு தாய் மட்டும் பதினோராவது கேள்வியில் நின்றுவிட்டார்.

"சேர், அந்தப் பெட்டியில நீங்கள் என்ன போடப் போறியள்?"

"நீங்கள் சொல்லுறதைத்தானம்மா போடுவன்."

"செத்திட்டார் எண்டு போட்டா, நான் ஒத்துக்கொண்ட மாதிரி வந்திடும். இவ்வளவு வருசமா நான் மரணச் சான்றிதழ் எடுக்கேல்லை. காணேல்லை எண்டு போட்டா, எப்ப, எங்க, ஆரிட்டக் குடுத்தனியள் எண்டு ஆரும் விசாரிக்க வருவினம். மகன் இப்பதான் பயமில்லாமப் படிக்கிறான். ரண்டும் போடாம விடேலாதோ சேர்?"

படிவத்தில் வெறுமையாக விட இடமில்லை. மூன்றில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த நிரலுக்குப் போகலாம்.

இந்தத் தாயின் பயத்தை வன்னிக்கு வெளியே இருப்பவர்கள் மிகை என்று நினைக்கக்கூடும். எங்களுக்கு அது மிகையல்ல. 2009 தை மாதம் யுத்தம் விசுவமடுவுக்கு வந்தபோது சனங்கள் எடுத்துக்கொண்டு ஓடிய பொருட்களில் முதன்மையானது ஒரு பொலித்தீன் பை. பிறப்புச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை, அடையாள அட்டைகள், காணி உறுதி, பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை எல்லாம் அதற்குள். பாத்திரம் பண்டங்களை வழியில் விட்டார்கள். அந்தப் பையை விடவில்லை. தண்ணீருக்குள் இறங்கி நடந்தபோது தலைக்கு மேல் பிடித்தவர்கள் உண்டு. கடதாசி இல்லாவிட்டால் ஆளே இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், பல ஆண்டுகளின் பின் திரும்பி வந்தபோது தம் காணியைத் தம்முடையது என்று நிரூபிக்கப் பத்திரமில்லாமல் அலைந்த கதையை இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதே மக்களுக்கு இன்னொன்றும் தெரியும். பெயர் தவறான பட்டியலில் இருந்தாலும் ஆள் இல்லாமல் போகலாம். 1983 யூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தன என்பது பலராலும் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. வாக்களிக்கும் உரிமைக்காக எழுதப்பட்ட பெயர்கள் அவை. ஐரோப்பாவிலும் இப்படி நடந்தது. நெதர்லாந்தின் சனத்தொகைப் பதிவேடு யுத்தத்துக்கு முன் மிக ஒழுங்காக, நல்ல நோக்கத்தோடு பேணப்பட்டது. நாசிகள் நாட்டைப் பிடித்தபோது யூதர்களைத் தேடிப் பிடிக்க அதுவே வழிகாட்டியானது. 1943 மார்ச் 27 இரவு வில்லம் அரொண்டேயுஸ் என்ற ஓவிய எழுத்தாளரும் நண்பர்களும் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குத் தீ வைத்தார்கள். ஒரு பகுதி மட்டுமே எரிந்தது. பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பட்டியலை எழுதியவர் எண்ணிய நோக்கத்தோடு அது என்றைக்கும் நின்றுவிடுவதில்லை என்பதை இந்த இரண்டு சம்பவங்களும் காட்டுகின்றன. எங்கள் படிவத்தை உருவாக்கியவரும் நல்ல மனிதராகவே இருக்கலாம். நிவாரணம் கொடுப்பவருக்கு அந்தப் பதினோராவது நிரல் ஒரு புள்ளிவிபரம். பதினேழு வருடங்களாக வீதியோரத்திலும் அலுவலகங்களிலும் கணவனைத் தேடுகிற பெண்ணுக்கு அது ஒரு தீர்ப்பு. காணாமல் போனோருக்கென 2016இல் தனி அலுவலகச் சட்டம் வந்தது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம் என்றும் அதே ஆண்டில் சட்டம் செய்தார்கள். அப்படியிருந்தும் பல தாய்மார் எந்தச் சான்றிதழையும் எடுக்காமல் இருக்கிறார்கள் என்றால், அந்தச் சொல்லை எப்போது, யாரிடம், எப்படிச் சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை தங்களுக்கு மட்டுமே உரியது என்று அவர்கள் எண்ணுவதால்தான்.

நான் படிவத்தை நிரப்பவில்லை. எங்கள் வகுப்பில் பொதி தேவையான பிள்ளைகள் இத்தனை பேர், தரவாரியாக இத்தனை என்று எண்ணிக்கையை மட்டும் எழுதி, பாடசாலைக்கு அனுப்பினால் ஆள் அறிந்து நாங்களே பகிர்ந்து, கையொப்பத்தைப் பாடசாலையில் வைத்துக்கொள்கிறோம் என்று பதில் போட்டேன். வந்த பதில் நல்லதாக இருக்கவில்லை. பணம் கொடுப்பவர்களுக்கு விபரம் காட்ட வேண்டும், படமும் வேண்டும் என்றார்கள். மூன்று தடவை பேசிய பிறகு பொதிகள் வந்தன; பிந்தி வந்தன; டேட்டா அட்டைகள் வரவேயில்லை. "சேர் எழுதிக் குடுத்திருந்தா எங்கட பிள்ளையளுக்கும் முழுசாக் கிடைச்சிருக்கும்" என்று சில தாய்மார் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அடுப்பு எரிய வேண்டிய வீட்டுக்கு அந்தரங்கம் என்பது விலை கூடிய சாமான். அந்த விலையை ஏழைகள் மட்டும் கொடுக்க வேண்டியிருப்பதுதான் இதில் உள்ள அநீதி. கொழும்பில் வங்கியில் வேலை செய்பவர் வீட்டிலிருந்து வேலை செய்தால் அவருடைய தகவலைக் காக்க ஒரு நிறுவனமே இருக்கிறது. உலர் உணவுப் பொதி வாங்குபவருக்கு முகத்தை மறைக்கவும் அனுமதியில்லை.

வேறொரு பாடசாலையில் முழு விபரமும் கொடுத்திருந்தார்கள். சில மாதங்களின் பின் அந்தப் பிள்ளைகள் பொதியைப் பிடித்தபடி நிற்கும் படங்கள், பெயரோடும் ஊரோடும் "தந்தையை இழந்த" என்ற அடைமொழியோடும் முகநூலில் ஓடின. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து மனமிரங்கிப் பணம் அனுப்பியவர்களைக் குற்றம் சொல்லவில்லை. கொடுத்த காசு போய்ச் சேர்ந்ததா என்று அறிய அவர்களுக்கு உரிமை உண்டு. அதற்குக் கணக்கறிக்கை போதும். ஒரு பிள்ளையின் முகம் பற்றுச்சீட்டு ஆகக் கூடாது. அந்தப் படத்தில் நின்ற சிறுவன் இன்று உயர்தரம் படிக்கிற வயது. அவனுடைய பெயரைத் தட்டித் தேடுபவருக்கு முதலில் அந்தப் படம் கிடைத்தால் அவன் யாரிடம் போய் முறையிடுவான்?

முறையிடச் சட்டம் ஒன்று பின்னர் வந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு மார்ச் 19 இல் சான்றுப்படுத்தப்பட்டது. அந்தரங்கத்துக்கான உரிமையை எங்கள் அரசியலமைப்பு வெளிப்படையாகச் சொல்லாததால் இது முக்கியமான சட்டம். இந்தியாவின் சட்டம் இதற்குப் பிறகுதான், 2023 ஆகஸ்டில் வந்தது. அதை வாசித்தபோது கலாசாலைப் பாடங்கள்தான் நினைவுக்கு வந்தன. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சேகரி. அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவு மட்டும் சேகரி. தேவை முடிந்தபின் வைத்திராதே என்பனதான் அதன் சாரம். இனம், மதம், அரசியற் கருத்து, உடல்நலம் போன்றவற்றோடு, ஒரு பிள்ளையைப் பற்றிய தரவையும் விசேட கவனத்துக்குரிய வகைக்குள் அச்சட்டம் சேர்த்திருக்கிறது. ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்கு வைத்திருக்கும் தகவலுக்குச் சட்டம் பொருந்தாது. ஆனால் என் போனில் இருக்கும் வகுப்புப் பட்டியல் என் வீட்டுத் தேவைக்கு உரியதல்ல. போன் என்னுடையது, பட்டியல் என்னுடையதல்ல. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசாங்கத்தின் அலுமாரியைத் திறந்து பார்க்க எங்களுக்கு வழி தந்தது. இது எங்கள் அலுமாரியைப் பூட்டி வைக்க வழி தருகிறது. இரண்டும் ஒரு நாட்டுக்கு வேண்டும். துரதிர்ஷ்டவசமாக, 2025 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கியமான பகுதிகள் பின்போடப்பட்டு, அந்த ஆண்டிலேயே சட்டத்துக்குத் திருத்தமும் கொண்டுவரப்பட்டது.

அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் முடியாது. 2023 ஆகஸ்டில் அரசின் மின்னஞ்சல் சேவையைத் தாக்கி முடக்கியபோது, ஏறத்தாழ 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பக் கிடைக்காமலே போயின. அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. பாதுகாப்பு என்றால் பிறர் கையில் போகாமல் பார்ப்பது மட்டுமல்ல, அழிந்து போகாமல் பார்ப்பதும்தான். யுத்தத்தில் எரிந்த சேர்வு இடாப்புகளால் தாம் எந்த ஆண்டில் எந்த வகுப்பில் படித்தோம் என்று நிரூபிக்க முடியாமல் நின்றவர்களைக் கண்ட எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

2022 யூனில் எரிபொருள் இல்லாமல் அரச ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னபோது மறுபடி எல்லாம் போனுக்கு வந்தது. இனியும் வரும். புயலோ வெள்ளமோ நோயோ, வீதி அடைபட்டால் பாடசாலை வீட்டுக்கு வரத்தான் வேண்டும். ஆகவே எங்கள் ஆசிரியர்கள் சிலர் கூடிச் சில வழக்கங்களை ஏற்படுத்திக் கொண்டோம். பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. வகுப்பு வேலைக்கு வந்த படங்கள் போனின் படத்தொகுப்பில் தாமாகச் சேராதபடி வட்ஸ்அப்பில் அதை நிறுத்தி வைக்கிறோம். தவணை முடிகிற நாளில் பிள்ளைகளின் படங்களையும் பிரதிகளையும் அழிக்கிறோம். தேவையான புள்ளிகளை மட்டும் இடாப்பில் எழுதி அலுமாரிக்குள் வைக்கிறோம். வட்ஸ்அப் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு எண் இட்டிருக்கிறோம். ஏனெனில், "சூம் வகுப்புக்கு இணைக்கிறோம், உங்களுக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கோ" என்று தெரிந்தவர் பெயரில் கேட்டு ஒருவர் கணக்கையே பறித்துவிடுகிறார்கள். பறித்தவர் கையில் அவருடைய குழுக்கள் எல்லாம் போகும். ஆறு இலக்கத்தை அதிபர் கேட்டாலும் சொல்வதில்லை என்பது எங்கள் உடன்பாடு. போனைத் திருத்தக் கொடுத்தால் கூட இருந்து வாங்குகிறோம். விற்பதென்றால் முற்றாக அழித்துப் புதுப்போனின் நிலைக்குக் கொண்டுவந்த பிறகு விற்கிறோம்.

கொமினிகேசன் கடைதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பிரதி எடுக்க வேண்டுமென்றால் கடைக்காரரின் வட்ஸ்அப்புக்கு அனுப்பு என்பார்கள். அந்தக் கணினியில் ஊரின் அரைவாசி அடையாள அட்டை கிடக்கும். எங்கள் சந்திக் கடைத் தம்பியிடம் இதைப் பேசினோம். பின்னேரம் கடை பூட்டும்போது அன்று வந்தவற்றை அழிக்க அவர் ஒத்துக்கொண்டார். வட்ஸ்அப்பைக் கடைக் கணினியில் திறந்தவர்கள் வெளியேறாமல் போய்விடுகிறார்கள் என்றும், தாமே பலருக்கு வெளியேறிக் கொடுப்பதாகவும் சொன்னார். படித்தவர்களைவிட அவருக்கு இது உடனே விளங்கியது. அவருடைய தாயும் ஒரு பொலித்தீன் பையோடு வந்தவர்தான்.

முல்லைத்தீவில் கற்பிக்கும் முஸ்லிம் நண்பர் ஒருவரிடம் இவற்றைச் சொன்னேன். தரவுப் பாதுகாப்பு என்ற சொல் பெற்றோருக்கு விளங்குவதில்லை, வேறு சொல் உண்டா என்று கேட்டேன். "எங்கட ஆக்களுக்கெண்டா அமானிதம் எண்டு சொன்னாப் போதும் சேர்" என்றார். பிறர் நம்பி ஒப்படைத்த பொருள். வைத்திருப்பவர் பயன்படுத்தக் கூடாது, கேட்டபோது குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். சட்டம் பல பக்கங்களில் சொல்வதை அந்தச் சொல் ஒரு மூச்சில் சொல்கிறது. அதற்குப் பிறகு பெற்றோர் கூட்டத்தில் நானும் அந்தச் சொல்லையே பாவிக்கிறேன். எல்லோருக்கும் விளங்குகிறது.

இப்போதும் படிவங்கள் வருகின்றன. புலமைப்பரிசில், சப்பாத்து வவுச்சர், பற்சிகிச்சை, சுற்றுலா என ஏதோ ஒரு காரணம் இருக்கும். வருகிற எல்லாவற்றையும் சந்தேகிப்பதில்லை. அனுப்பியவரிடம் மூன்று கேள்விகள் மட்டும் கேட்கிறேன்: இந்த நிரல் எதற்கு, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள்? சிலர் கோபிக்கிறார்கள். சிலர் யோசித்துவிட்டு, "அது பழைய படிவத்தில இருந்தது சேர், தேவையில்லைத்தான்" என்று அந்த நிரலை எடுத்துவிடுகிறார்கள். கடந்த தவணையில் வந்த ஒரு படிவத்தில் தந்தையின் விபரத்துக்கு நேரே நான்காவதாக ஒரு தெரிவு இருந்தது: சொல்ல விரும்பவில்லை. யார் சேர்த்தார்கள் என்று விசாரிக்கவில்லை. அந்தத் தாய்க்குத் தொலைபேசி எடுத்து, அப்படி ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.